உள்ளே விழுந்த க்ளிப்

தெருவில் எல்லாரும் அவரைப் பல்லு சார் என்றுதான் சொல்வார்கள். அவர் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் செய்து கொடுக்கும் ஒரு கூடத்தில் வேலை பார்த்தவர். பீங்கான் மாவை நீரில் குழைத்து, மீசை மயிர் கனத்துக்கு இருக்கும் தூரிகையில் தொட்டுத் தொட்டு வைத்து, சூளையில் சுட்டு எடுக்க வேண்டும். பக்கத்துப் பல்லின் மஞ்சள் அதில் வர வேண்டும். ஓரத்தில் லேசான சாம்பல் ஓட வேண்டும். சிகரெட் பிடிக்கிறவர் என்றால் அந்தப் பழுப்பும் வேண்டும். "ரொம்ப வெள்ளையாச் செஞ்சா, வாய்க்குள்ள ட்யூப்லைட் போட்ட மாதிரி ஆயிடும்" என்பார்.

யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். அதனால் தெருக்காரர்கள் பாதிப் பேர் அவரிடம் கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசுவார்கள். மீதிப் பேர் வேண்டுமென்றே ஈயென்று காட்டுவார்கள். எதிர் வீட்டுக்காரரைப் பற்றி மனைவி ஒருமுறை கேட்டபோது, "நல்ல மனுஷன்தான். மேல்வரிசையில ரெண்டு மட்டும் பொய்" என்றார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிப் போனாள்.

அவளுக்கு வேலை, லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் தொலைபேசி எடுப்பது. நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள்ளிருந்து ஆட்கள் அலறிக்கொண்டு கூப்பிடுவார்கள். "பதறாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. ஆள் கிளம்பிட்டாங்க. அதுவரைக்கும் நான் லைன்லதான் இருப்பேன்" என்று சொல்வாள். அந்தக் குரலில் ஒரு குளுமை உண்டு. காலையில் அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டு அவர் கூடத்துக்குப் போவார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

நடுக்கம் வலது கைக் கட்டைவிரலில் ஆரம்பித்தது. கையைச் சும்மா மடியில் வைத்திருந்தால், யாரோ உள்ளிருந்து சுண்டி விடுவதுபோல் அது ஆடும். அதைக்கூட அவரால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. மேசையின் விளிம்பில் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். பொறுக்க முடியாதது வேறொன்று. தூரிகையைப் பிடித்து, இங்கே வை என்று நினைத்தால், விரல் யோசித்துவிட்டு மெதுவாகப் போயிற்று. போன இடமும் தப்பாக இருந்தது. செய்து அனுப்பிய பற்கள் திரும்பி வர ஆரம்பித்தன. ஓரம் சரியில்லை, நாக்கில் தட்டுகிறது, ஈறில் இடிக்கிறது என்று குறிப்போடு வந்தன.

முதலாளி அவரைவிட வயதில் சின்னவர். கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"அண்ணே, கையை ஒரு தடவை நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்களேன்."

"கைக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு நாளா தூக்கம் சரியில்ல."

"இருக்கட்டும். கொஞ்ச நாள் ஓய்வா இருங்க. சரியானதும் வாங்க. உங்க நாற்காலி எங்கயும் போயிடாது."

அவர் எழுந்துகொண்டார். வெளியே வந்தபோது, அந்த நாற்காலியில் யாரோ ஏற்கெனவே பையை வைத்திருந்தார்கள்.

வழியில் ஒரு பூங்காவில் உட்கார்ந்து, தன் கைக்கு என்ன என்று போனில் தேடினார். வந்த முதல் சில வரிகளைப் படித்ததும் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுபடி அதைத் தேடவில்லை. டாக்டரிடமும் போகவில்லை.

மனைவி வேலை முடிந்து வந்தபோது அவர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, இவ்வளவு சீக்கிரம்? கூடத்தை மூடிட்டாங்களா?"

"லீவு போட்டிருக்கேன்."

"நீங்களா? லீவா? எதுக்கு?"

என்ன சொல்வதென்று அவர் யோசிக்கவே இல்லை. கண் போன இடத்தில் வண்டி நின்றது. "வண்டியப் பிரிச்சு வேலை பார்க்கலாம்னு" என்றார்.

அவள் சந்தேகப்படவில்லை. வண்டி சில மாதங்களாகவே நீலப் புகை கக்கிக்கொண்டிருந்தது. "சார், கொசு மருந்து அடிக்கிறீங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் அளவுக்கு ஆகியிருந்தது. என்ஜின் எண்ணெய் குடிக்கிறது, பிஸ்டன் தேய்ந்திருக்கும், பிரித்துத்தான் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

வாயில் வந்த பொய் மறுநாள் காலையில் வேலையாகிவிட்டது. அதுவும் நல்லதற்குத்தான் என்று அவருக்குத் தோன்றியது. பல் வேலையைவிட என்ஜின் வேலை முரட்டு வேலை. இதை ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டால், கைக்கு ஒன்றுமில்லை என்று தனக்குத் தானே நிரூபித்ததாக ஆகும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் முதல் நட்டைக் கழற்றியபோது அவர் மனதில் இருந்தது அதுதான்.

பிரிப்பது சுலபமாக இருந்தது. ஸ்பானரை முழுக்கையால் பிடிக்கலாம், உடம்பின் பலத்தைக் கொடுக்கலாம். வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரையில் பழைய போர்வையை விரித்து, கழற்றியதையெல்லாம் கழற்றிய வரிசையில் அடுக்கினார். மேல்மூடி வந்தது. சிலிண்டர் வந்தது. உள்ளே பிஸ்டன் கரி பிடித்து நின்றது. பல் வேலைக்கு வைத்திருந்த கூர்மையான கொக்கிகளை எடுத்துவந்து அதன் காடிகளைச் சுரண்டிப் பார்த்தார். மனைவி தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"பிஸ்டனுக்குப் பல்லு விளக்கி விடுறீங்களா?"

"ஈறு தேஞ்சிருக்கு. பிடுங்கிட்டு வேற கட்டணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த ஒரு வாரம் அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

மனைவியின் தம்பி கடைசல் பட்டறையில் வேலை செய்கிறவன். சிலிண்டரைக் கொண்டுபோய்க் குடைந்து, அதற்குப் பொருத்தமான புதுப் பிஸ்டனையும் ரிங்குகளையும் வாங்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, நான் ஞாயித்துக்கிழமை வர்றேன். சேர்ந்தே மாட்டிடலாம்."

"பிஸ்டனை நானே மாட்டி வைக்கிறேன் மாப்ளே. நீ சிலிண்டர் இறக்க மட்டும் வா."

"பின் க்ளிப் படாதபாடு படுத்தும். உள்வாய்ல துணியத் திணிச்சுட்டு மாட்டுங்க. கீழ விழுந்துச்சுன்னா ஜோலி முடிஞ்சது."

"மயிர் கனத்துத் தூரிகையில பல்லு செஞ்சவன்டா நான்."

"அது சரி. பல்லு கீழ விழுந்தா குனிஞ்சு எடுத்துக்கலாம், இது அப்படியில்லையே, அதான் பயம்" என்று சிரித்துக்கொண்டே போனான்.

பிஸ்டனை, என்ஜினின் அடியில் சுழலும் கிராங்கிலிருந்து வரும் தண்டோடு ஒரு இரும்புப் பின் சேர்க்கிறது. அந்தப் பின் நழுவி வெளியே வராமல் இருக்க, இரண்டு பக்கமும் ஒரு கம்பி வளையம் காடிக்குள் உட்கார வேண்டும். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதைத்தான் க்ளிப் என்பார்கள். ஒரு பக்கத்து க்ளிப்பை மேசையில் வைத்தே மாட்டிவிடலாம். அவரும் மாட்டிவிட்டார். கொஞ்சம் திணறினார், ஆனாலும் மாட்டிவிட்டார். மறுபக்கத்தை வண்டியில் வைத்துத்தான் மாட்டியாக வேண்டும். அதற்கு நேர் கீழே கிராங்க் இருக்கும் அறையின் வாய் திறந்து கிடக்கும்.

மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வெயில் சுவரைத் தாண்டி வந்திருந்தது. துணியைத் திணித்துவிட்டு, கூர்மூக்குக் குறடால் க்ளிப்பைப் பிடித்து, ஒரு முனையைக் காடியில் வைத்து, மறுமுனையை அழுத்தினார். க்ளிப் துள்ளி எங்கோ போயிற்று. தேடி எடுத்தார். மறுபடி துள்ளியது. போர்வையில் ஒருமுறை, செடித் தொட்டியில் ஒருமுறை, தன் சட்டை மடிப்பிலேயே ஒருமுறை கிடைத்தது. அதன் பிறகு கிடைக்கவில்லை. உதிரிபாகக் கடைக்கு நடந்துபோய் ஒரு கை நிறைய வாங்கி வந்தார். "இவ்வளவும் எதுக்கு சார்? நகை செய்யப் போறீங்களா?" என்று கடைக்காரர் கேட்டார்.

காடி கண்ணுக்குத் தெரிந்தது. க்ளிப்பின் முனை எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க இதைவிடச் சின்ன இடங்களில் இதைவிடச் சின்னப் பொருள்களை வைத்தவர் அவர். கண் சொல்லியது, மனம் சொல்லியது, கைதான் கேட்கவில்லை. விரலைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டே, "போயேன், போய்த் தொலையேன்" என்று கத்தினார். பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள்.

பிஸ்டனைக் கொஞ்சம் இறக்கும்போதெல்லாம் திணித்த துணி சுருண்டு மேலே வந்து குறடை மறைத்தது. எரிச்சலில் அதைப் பிடுங்கி எறிந்தார். அடுத்த முயற்சியில் க்ளிப் முக்கால்வாசி உட்கார்ந்தது. இன்னும் ஒரு அழுத்தம்தான் பாக்கி. அந்த நேரத்தில் கட்டைவிரல் ஆடிற்று. டிங் என்று, ஸ்பூன் விளிம்பில் நகம் பட்டதுபோல, ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அது உள்ளேயிருந்து வந்தது.

குனிந்து விளக்கடித்துப் பார்த்தார். எண்ணெய்யும் இருட்டும்தான் தெரிந்தன. ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அது க்ளிப்பைத் தேடாமல் கிராங்கின் இரும்பையே போய்க் கட்டிக்கொண்டது. இழுத்தால் வந்தது, விட்டால் மறுபடி ஒட்டியது. அடியில் எண்ணெய் மூடியைத் திறந்து எல்லா எண்ணெய்யையும் வடித்து, சல்லடையில் ஊற்றிப் பார்த்தார். அதிலும் இல்லை. போர்வையின் மேல் மல்லாந்து படுத்துக்கொண்டார். கட்டைவிரல் அவர் நெஞ்சின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. அதை இடது கையால் மூடிக்கொண்டார். அழுகை வரவில்லை. ஏதோ ஒன்று முடிந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

பிறகு எழுந்து, இன்னொரு க்ளிப்பை எடுத்து மாட்டப் பார்த்தார். அது முதல் முயற்சியிலேயே, ஏன் எப்படி என்று தெரியாமல், சட்டென்று காடியில் உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். பிஸ்டனைத் தட்டிப் பார்த்தான். இரண்டு பக்க க்ளிப்பையும் விளக்கடித்துப் பார்த்தான். "அட, சும்மா சொல்லக் கூடாது மாமா. கம்பெனிக்காரன் மாட்டின மாதிரி இருக்கு." ரிங்குகளை விரலால் அமுக்கிக்கொண்டே சிலிண்டரை இறக்கினான். அதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி, "எல்லாம் சரியா இருக்குல்ல? உள்ள எதுவும் விழலையே? மூடிடலாமா?" என்று கேட்டான்.

மனைவி அங்கேதான் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சொல்வதற்கு அதுதான் நேரம். சொன்னால், எப்படி விழுந்தது என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் அடுத்தது, அதற்கடுத்தது என்று கூடம்வரை போகும், பூங்காவில் படித்த வரிகள்வரை போகும். அது வெளியேயே துள்ளியிருக்கலாம், காதில் விழுந்தது பிரமையாக இருக்கலாம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்படி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"மூடு" என்றார்.

சாயங்காலம் வண்டி கிளம்பியது. உதைத்த உதையிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை. சத்தம் சீராக, கனமாக, புது வண்டிபோல் கேட்டது. மச்சான் கைதட்டினான். மனைவி, "பல்லுக்கட்டுனதும் குரலே மாறிடுச்சே" என்றாள். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு உண்மையானதா என்று பிறகு பல நாள் அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். கொஞ்சம் உண்மையானதுதான்.

மறுநாள் காலை மனைவி சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "இன்னிக்கு பஸ்ஸுக்கு ஓட வேணாம். கொண்டு விடுங்க."

"நானே முதல்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு..."

"நேத்து தம்பி ஓட்டிப் பார்த்தானே. வாங்க, நேரமாச்சு."

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் கிளட்சை விட்டார். தெருமுனை வரை ஒன்றுமில்லை. கடைத்தெருவிலும் ஒன்றுமில்லை. அவள் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை. அவர் என்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார். லாரிகள் ஏறும் பெரிய பாலத்துக்குத் திரும்பும் இடத்தில் டிக் என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி ஒரு டிக். பின்னாலிருந்து லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போயிற்று. பாலத்தின் உச்சியில் என்ஜின் இறுகிச் சக்கரம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. வண்டியை ஓரம் கட்டி அணைத்தார். அவர் உடம்பு முழுக்க நடுங்கியது, கை மட்டுமில்லை.

"என்னாச்சு? பெட்ரோல் இல்லையா?"

"இறங்கு."

"என்னங்க?"

"இறங்குன்னு சொல்றேன்ல. உள்ள ஒரு க்ளிப் கிடக்கு."

அவளுக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு, வேலையில் பேசும் குரலில் பேசினாள். "பதறாதீங்க. மெதுவாச் சொல்லுங்க. எங்க கிடக்கு?"

அவர் சொன்னார். வண்டியின் மேல் உட்கார்ந்தபடியே, தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னார். க்ளிப்பில் ஆரம்பித்து, கை, கூடம், முதலாளி, நாற்காலியில் இருந்த பை என்று போனார். அவர் முடித்ததும் அந்தக் குளுமையான குரல் அவளிடம் இல்லை.

"அது உள்ள கிடக்குன்னு தெரியும்."

"ம்."

"தெரிஞ்சுதான் என்னை ஏத்திக்கிட்டீங்க."

அவர் வண்டிச் சாவியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"கை நடுங்குனதை மறைச்சீங்க, சரி. வேலை போனதை மறைச்சீங்க, அதுவும் சரி. அதுக்கெல்லாம் எனக்கு அழுகைதான் வருது, கோவம் வரல. ஆனா என்னைப் பின்னாடி உக்கார வச்சீங்களே!" சாப்பாட்டுப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

என்ஜினை மச்சான்தான் பட்டறைக்குக் கொண்டுபோய் முழுதாகப் பிளந்தான். க்ளிப் இரண்டு துண்டாகக் கிடைத்தது. ஒரு துண்டு கியர்ப் பல்லுக்குள் மாட்டி, பக்கத்துப் பற்களை முறித்திருந்தது. கிராங்க் அறையின் சுவரில் நீளமாக ஒரு கீறல். இதைச் சரிசெய்வதைவிட வேறு என்ஜினே வாங்கிவிடலாம் என்று சொல்ல வந்தான். வாசலிலேயே நின்றான்.

"மாமா, அன்னிக்கு நான் கேட்டேனே."

"கேட்ட."

"அப்பவே சொல்லியிருந்தா என்ஜினை இறக்கிக் கவுத்து ஆட்டி எடுத்திருப்போம். அரை நாள் வேலை. ஏன் மாமா சொல்லல?"

அவர் வலது கையை எடுத்து முழங்காலின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது. மச்சான் அதைப் பார்த்தான். கையில் வைத்திருந்த முறிந்த கியரை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டையில் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

நரம்பு டாக்டரிடம் மனைவிதான் கூட்டிப்போனாள். கேள்விகள் எல்லாம் அவள்தான் கேட்டாள். கையைத் திறந்து மூடச் சொன்னார் டாக்டர், நடக்கச் சொன்னார், வரிசையாக வட்டங்கள் வரையச் சொன்னார். வட்டம் வரவரச் சின்னதாகிச் சுருங்கிப்போனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பல்லின் உருவை அளவில்லாமலே வரைந்துவிடும் கை அது. டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். இது போகாது, வேகத்தைக் குறைக்கலாம், மாத்திரை தவறக் கூடாது, நுணுக்கமான வேலை இனி வேண்டாம். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, "இன்னும் எதையாவது மறைச்சு வச்சிருக்கீங்களா? இப்பவே சொல்லிடுங்க" என்றாள்.

"வலது கால் கொஞ்சம் இழுக்குது."

"வேற?"

"சட்டைப் பொத்தான் போட நேரமாகுது. அதான் வீட்டுல பனியனோடவே இருக்கேன்."

"வேற?"

"பயமா இருக்கு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூடத்துக்கு ஒருநாள் போய்த் தன் தூரிகைகளை எடுத்துக்கொண்டு வந்தார். முதலாளி தேநீர் வாங்கிக் கொடுத்தார். நாற்காலியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. வண்டியைக் கழித்துக் கட்டும்படி மச்சானிடம் சொல்லிவிட்டார். அவன் ஒரு வேனைக் கொண்டுவந்து, சட்டத்தை ஒரு நடையும் பெட்டிகளில் கிடந்த என்ஜினை இன்னொரு நடையுமாக ஏற்றிக்கொண்டு போனான். அவர் உள்ளறையில் இருந்துகொண்டார்.

மாத்திரை சாப்பிட்டால் சில மணி நேரம் பரவாயில்லை. அப்போது பாத்திரம் கழுவுகிறார், துணி மடிக்கிறார். மனைவி பழையபடி பேசுகிறாள், சமயத்தில் கேலியும் செய்கிறாள். பொத்தான் போட்டு விடுகிறாள். கோவம் போய்விட்டது என்று ஒருநாள் அவளே சொன்னாள். பொய் சொல்கிறவள் இல்லை அவள், போயிருக்கும்.

காலையில் பஸ் நிறுத்தம் வரை அவர் கூடவே நடந்து போகிறார். நடுவில் ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பார்த்து "வா" என்றால் அவள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்காமல் இறங்கிவிடுவாள், பேசிக்கொண்டே கடப்பாள். இப்போதும் அவர் பார்க்கிறார், "வா" என்கிறார். அவள் தானும் ஒருமுறை இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறாள். அது அவளுக்குத் தெரிந்து நடக்கிறதா, தெரியாமல் நடக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பஸ் வந்து அவள் ஏறிப் போன பிறகு, சாலையைத் தனியாகக் கடந்து, இழுக்கும் காலோடு மெதுவாக வீட்டுக்குத் திரும்பி வருகிறார்.